ஐந்துக்குப் பிறகு மூன்று

கோபாலபுரம் தாண்டி
கேரளப் பக்கம் முதல் வளைவில் என் எடைமேடை.
நாற்பது டன் தாங்கும்.
வைக்கோல் லாரி ஏறினால் மட்டும் முள்ளுக்குக் கொஞ்சம் வெட்கம்.
அத்தனை பெரிய உருவம், இத்தனை சொற்ப எடை.

எனக்குப் பிடித்த படத்தின் பெயர் எனக்குத் தெரியாது.
கொழிஞ்சாம்பாறை பகவதி டாக்கீஸில்
எழுத்து போடும்போது கரண்ட் போயிற்று.
திரும்பி வந்தபோது
கிணற்றுக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை
தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டம். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர்.
ஆபரேட்டர் குடித்திருந்தானோ
காதலித்துக்கொண்டிருந்தானோ,
ஐந்தாம் ரீலுக்குப் பிறகு மூன்றாம் ரீலை ஓட்டினான்.
நெஞ்சில் கோடாலி பாய்ந்து செத்த வில்லன்
அடுத்த காட்சியில்
சட்டைப் பொத்தானைப் போட்டபடியே படியிறங்கி வந்து
"சாய உண்டோ?" என்றான்.
கதாநாயகி ஆச்சரியப்படவில்லை.
போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூன்றே நாள் ஓடிய படம். மூன்று நாளும் போனேன்,
இன்றைக்குச் சரியாக மாட்டிவிடுவானோ என்ற
பயத்தோடு.
நல்லவேளை, மாட்டவில்லை.

பாட்டு விஷயமும் இப்படித்தான்.
பாலக்காட்டில் வர்கீஸ் பதிந்து தந்த
அறுபது நிமிடக் கேசட்.
அட்டையில் மலையாளத்தில் எழுதியிருந்தான்:
இங்கிலீஷ். பலவகை. ஒச்ச கூடுதல்.
எழுபதுகளில் எந்த ஊரிலோ
நான்கு சடைமுடிக்காரர்கள் கூடி வாசித்தது.
டிரம்ஸ், லோடு லாரி டயர் வெடித்த மாதிரி.
கிடார் மட்டும் ஏறுகிறது, ஏறுகிறது,
வாளையாற்று மேட்டில் கூட்ஸ் வண்டி ஏறுவதுபோல்
மூச்சு வாங்கி, இன்னும் கொஞ்சம், இதோ
டக்.
நாடா தீர்ந்தது.

"லாரி ரிவர்ஸ் வர்ற சத்தத்துக்கு
காசு குடுத்தியாடா?" என்பான் மரியலூயிஸ்.
அவன் கானமேளாவில் பாடுகிறவன்.
குரலில் நெய் மணக்கும்.
நான் பதில் சொன்னதில்லை.
டக் என்பதுதான் அந்தப் பாட்டின் உச்சம் என்று
அவனுக்கு எப்படி விளக்க?

போன வருஷம் போனில் முழுப் பாட்டும் கிடைத்தது.
உச்சிக்குப் போனவர்கள்
புல்லாங்குழல் ஊதிக்கொண்டு
மெதுவாக இறங்கி வந்தார்கள்,
வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு விடைபெறும் சம்பந்திகள்போல.
அழித்துவிட்டேன்.
அதே மழைக்காலத்தில்
நள்ளிரவு டிவியில் அந்தப் படம், வரிசை மாறாமல்.
செத்தவன் செத்தே கிடந்தான்.
அப்போதும் எழுத்து முடிந்த பிறகுதான் போட்டேன்.
பெயர் வேண்டாம் எனக்கு.

ஓணத்துக்கு முந்தின செவ்வாய், ஒரு வைக்கோல் லாரி.
கூடவே சரக்குக்காரி, ரெஜினாள் என்று ரசீதில் எழுதச் சொன்னார்.
கேசட் டக் என்று நின்றது.
நான் வழக்கம்போல் பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்து
எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்,
முப்பது வருஷமாக அவன் குரலில் கேட்பதுபோலவே,
"சாய உண்டோ?"

அவர் நிமிர்ந்தார்.
"நெஞ்சுல கோடாலி எங்கே?"

எடைமேடையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது.
எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்றேன்.
கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.
அந்தத் தூணை நான் எண்ணவில்லை.

"வேலந்தாவளம் கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில எந்திரிச்சுட்டேன்.
இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.
கடைசில என்னங்க ஆனான் அவன்?"

டிரைவர் ஹாரன் அடித்தான்.
பின்னால் இரண்டு தேங்காய் லாரிகள்.

"சாயா குடிச்சான்" என்றேன்.

அவர் தலையசைத்தார்,
கணக்குச் சரிதான் என்பதுபோல்.
ஆறு டன் நானூறு.
சில்லறை ஐந்து ரூபாய் நான் தர வேண்டியிருந்தது,
மறந்துவிட்டேன்.