கை கூப்ப வேண்டாம்

முதலில் உப்புத்தண்ணீர்தான்.
மனித இடுப்பளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பீப்பாய்,
சதை எவ்வளவு மின்சாரம் கடத்துமோ அவ்வளவு உப்பு,
கூடவே கிலோ கணக்கில் சர்க்கரை.
ஷம்ஷாத் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள்.
மூன்று வாரம் அவனைத்தான் படம் பிடித்தோம்.
சுட்டாலும் சொல்ல மாட்டான்.
அதனால் அவன் வயிற்றில் நாலு கண்ணாடியிழை வெப்பமானிகள்.
வலது இடுப்போரம், இரண்டு விரற்கடை உள்ளே,
ஓர் இடம் மட்டும் எப்போதும் முந்திக்கொண்டு சுட்டது.
எட்டு வளையங்களும் தனித்தனியே யோக்கியம்;
சேர்ந்தால்தான் ஒரு மூலையில் குற்றம்.

இன்று கன்னியப்பன்.
ஐம்பத்துநாலு வயது, எழுபத்தெட்டு கிலோ,
துறைமுகத்தில் கிரேன்.
கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா?
உண்டு. அதற்கு நேற்றே எக்ஸ்ரே பார்த்தாயிற்று.
பச்சை குத்தியதுண்டா? இல்லை.
உடை மாற்றி வந்தவர் இடுப்பில்
வெள்ளி அரைஞாண்.

"இதையுமா மேடம்? பொறந்ததுலேர்ந்து கீது."

காந்தம் வெள்ளியை இழுக்காது, உண்மைதான்.
ஆனால் மூடிய வட்டம் எங்கிருந்தாலும்
என் வளையங்கள் அதோடு உறவு கொண்டாடிவிடும்,
சீர்வரிசையாகச் சூட்டைக் கொடுக்கும்.
கழற்றித் தாளில் மடித்துக் கொடுத்தார்.
இடுப்பைச் சுற்றி வெளுத்த கோடு ஒன்று
கழற்ற முடியாமல் மிச்சமிருந்தது.

படுத்ததும் கை கூப்பினார்.
கை கூப்ப வேண்டாம் என்றேன்.

"சாமிகூட கும்புடக் கூடாதா?"

மனசுக்குள் கும்பிடுங்கள்.
உள்ளங்கை உள்ளங்கையைத் தொட்டால்
தோள்வழி ஒரு வட்டம் முடிகிறது;
முடிகிற இடத்தில் தோல் வேகும்.
தொடைக்கு நடுவே துண்டை மடித்து வைத்தேன்.
கையில் ரப்பர் பந்து.
கொஞ்சம் சுட்டாலும் அமுக்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

"மே மாசத்துல கிரேன் கேபின்ல குந்திப் பாரு மேடம்,
அப்ப தெரியும் சூடுன்னா இன்னான்னு."

பொறுத்துக்கொள்கிறவர்கள்தான் எனக்குப் பயம்.

வெளியே ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் வீசும் அலை
உடம்புக்குள் நுழைந்ததும் அரைச்சாணாகச் சுருங்குகிறது.
எதிரெதிரே வருகிற இரண்டு
ஏற்றமும் இறக்கமுமாகச் சந்தித்தால்
அங்கே வெளிச்சம் செத்துவிடும்.
காசிமேட்டில் கல்லில் மோதித் திரும்பும் அலை
அடுத்து வருகிறதைக் கட்டிப்பிடிக்கும் நொடியில்
தண்ணீர் சப்பையாகக் கிடக்குமே, அந்த மாதிரி.

திரையில் அடிவயிற்றுக்கு நடுவே
ஒரு கருப்பு.

ஷம்ஷாத் மூன்றாம் வளையத்தைக் கொஞ்சம் பிந்தவைத்தாள்.
கருப்பு இடப்பக்கம் நகர்ந்தது. போகவில்லை.
கொருக்குப்பேட்டை பக்கம் சரக்கு ரயில் போயிற்று,
அது கடக்கும்வரை படம் முழுக்கத் தள்ளாடியது.
இன்னும் பிந்தவைத்தாள்.
கருப்பு கரையத் தொடங்கியது,
இடுப்புப் பக்க எண் ஏறத் தொடங்கியது,
ஒரு கிலோ சதைக்கு எத்தனை வாட் என்கிற எண்.
ஏழு. எட்டு. எட்டரை.
பத்துவரை போகலாம் என்று விதி இருக்கிறது.
இன்னும் ரெண்டு படி வெச்சா அட்டையில போடலாம்டி, என்றாள்.

விதி எழுதியவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை.
ஆறுக்கு இறக்கினேன்.
கருப்பு திரும்பி வந்து
தன் இடத்தில் உட்கார்ந்தது.

வெளியே வந்தவர் திரையை எட்டிப்பார்த்தார்.
"நடுவுல கருப்பா கீதே. கட்டியா?"
இல்லை. அது உங்களுடையது இல்லை, எங்களுடையது.
நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.
பீப்பாய்ப் படத்தை எடுத்துக் காட்டினேன்,
உப்புத்தண்ணீரிலும் அதே இடத்தில் அதே கருப்பு.
அப்போதுதான் மூச்சு விட்டார்.

எங்காவது சுட்டதா?
அரைஞாணை முடிந்துகொண்டே யோசித்தார்.
"சுடல. இங்க மட்டும் லேசா,
வெயில்ல நின்ன லாரி மேல சாஞ்சாப்ல."
கை காட்டிய இடம் வலம் இல்லை.
இடம்.

பந்தை ஏன் அமுக்கவில்லை?
"அதுக்கா?"

சொன்ன வார்த்தை மாறாமல்
லாரியையும் வெயிலையும் பதிவேட்டில் எழுதினேன்.
நாளை மாப்பிள்ளைக்கு
ஐந்தாவது வெப்பமானி.