சாய்ந்த பகடை

ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேல்மாடி.
மேசையில் பஞ்சுப் புகை, அட்டைக் கோட்டை.
துர்கேஸ்வரனின் யானைப்படைக்கு
மூன்று மாதம் வண்ணம் பூசியிருக்கிறான்;
பாகன் ஒவ்வொருவனுக்கும் வேறு மீசை.
என் படை சாம்பல் பிரைமரோடு நிற்கிறது.
ஞாயிறு போட்டி. நேரமில்லை.

புதுத் திருத்தத்தில்
யானைக்கு நாற்பது புள்ளி ஏற்றிவிட்டார்கள்.
"ஒண்ண வீட்டுல விட்டுட்டு வா" என்றேன்.
"எதை?"
அடித்தட்டில் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருந்தது.

இரண்டாம் சுற்றிலேயே ஏறக்குறைய முடிந்தது.
கடைசி யானைக்கு நான் உருட்டிய பகடை
அளவுநாடாவில் சாய்ந்து நின்றது.
ஆறா, ஐந்தா?
விதிப்படி மறுபடி உருட்டணும்.
வாயைத் திறக்கவில்லை நான்.

குனிந்து பார்த்தான்.
"ஆறுதான் லா."
தும்பிக்கை மடங்காமல்
தானே எடுத்து
நுரைப்பெட்டியில் படுக்கவைத்தான்.