காக்கைப்படி

உ
பிரஜோற்பத்தி வருஷம், ஆடி அமாவாசை.
மோல்மேன் கடையிலிருந்து
நாடாவும் நோட்டும் குடையுமாக
கின்லாக் துரை வீட்டை அளக்கப் போனேன்.
அடமானம் முழுகி ஏழு மாதம்.

குன்றின்மேல் அவர் கட்டினது எழுபத்து நாலில்.
கீழே ஆற்றங்கரையில் யானைகள் தேக்கை அடுக்க
மேலே அவர் தன் ஊரை அடுக்கினார்:
குளிருக்குப் பயந்த சுவர், இரண்டரை முழம் கனம்.
எதிரிக்குப் பயந்த சன்னல், தலை நுழையாத அகலம்.
மூலையில் ஓர் உருண்டைக் கோபுரம்,
உச்சியில் எண்ணெய்ப் புனலைக் கவிழ்த்த மாதிரி தொப்பி.
ஸ்காட்லாந்து எந்தத் திக்கு என்று எனக்குத் தெரியாது.
அங்கே வெயிலுக்குப் பஞ்சம் என்று
அந்தச் சன்னல்கள் சொல்லின.

அரிசி ஏற்ற வந்த கப்பல்கள்
காலி வயிற்றோடு வரக் கூடாதென்று
பலகைக்கல் சுமந்து வந்தன. அதுதான் கூரை.
சுவரோ உள்ளூர்ச் செங்கல்.
சுண்ணாம்பு பூசி, ஈரத்தில் கோடு கிழித்து
கருங்கல் என்று நம்பவைத்திருக்கிறார்கள்.
நகத்தால் சுரண்டினேன். சிவப்பு.
மதிப்பில் கால் பங்கு குறைத்தேன்.

கணப்பு ஒன்பது.
ஒன்றிலும் கரி இல்லை.
மழை புகைபோக்கி வழியே இறங்கி
அறைக்கு அறை உட்கார்ந்திருந்தது,
அழைக்காமல் வந்த சம்பந்தி போல.

தொண்ணூறில் வீட்டுக்கு மூச்சு முட்டியிருக்கிறது.
சன்னல்களை இடித்து அகலமாக்கி
சுற்றிலும் தேக்கில் தாழ்வாரம் இறக்கினார்கள்.
புத்த மடத்துத் தச்சர்கள் வந்து
விளிம்பெல்லாம் பூவேலை செதுக்க,
கோட்டைக்கு ஜிமிக்கி மாட்டின மாதிரி ஆனது.
போன வருஷத்துப் பூகம்பம்
கோபுரத்தில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது.
என் சுண்டுவிரல் போகும். குறித்துக்கொண்டேன்.

துரை மகள் எல்ஸ்பெத் குடையில்லாமல் கூடவே வந்தாள்.
ஐம்பது வயசு. பூப்போட்ட லுங்கி, காலில் பூட்ஸ்.
பக்கச் சுவரின் உச்சியைக் காட்டினேன்.
சரிவு வழவழவென்று இறங்காமல்
இரு புறமும் படிபடியாக.
'இதில் யார் ஏறுவது?'
'காக்கைப்படி. அப்பா ஊரில் அதுதான் பேர்' என்றாள்
கடைத்தெருத் தமிழில்.

நாடா கையை விட்டு நழுவியது.
விடியலில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு
கிட்டங்கி மாடியில் சோற்றுருண்டையோடு நின்றவன் நான்.
கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.
ஒன்றும் வரவில்லை. பட்டினியாகவே கிளம்பினேன்.
எல்லாம் இங்கேதான் இருந்தன,
படிக்கு ஒன்றாக, நனைந்து,
பந்தியில் இலைக்குக் காத்திருப்பது போல.
என் அப்பாவும் அதில் ஒருவரோ என்னவோ.
துரை வீட்டில் ஆசனம் கிடைத்ததும்
என்னை மறந்துவிட்டார்.

வாசல் மேல்கல் ஒன்றுதான் அசல் கருங்கல்.
புருஷன் எழுத்து ஒரு பக்கம், பெண்சாதி எழுத்து மறு பக்கம்,
நடுவில் வருஷம்: அப்படி வெட்டுவது அவர்கள் வழக்கமாம்.
இடப்பக்கம் ஏ. கே.
வலப்பக்கம் ஒன்பது அங்குலம் வெறும் கல்.
'அம்மா பேர் மி சோன். மோன் ஜாதி.
எந்த ஊர் எழுத்தில் வெட்டுவதென்று அப்பா யோசித்தார்.
யோசித்துக்கொண்டே செத்துப்போனார்.
இந்தக் கல்லை மட்டும் எனக்கு விடுங்கள்.'

தேக்குத் தூண் இருபத்து நாலும்
ஆவணியில் கப்பலேறும் என்றார் ஏஜெண்டு.
முதலாளி ஊரில் எழும்புகிற வீட்டுக்கு
முகப்பில் தூண் போதவில்லையாம்.
கண்ணாடி பெல்ஜியம், தரை இத்தாலி,
உச்சியில் எந்த ஊர்ப் பறவைக்குப் படி வைப்பார்களோ.
கல்லைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.
'அதை உருவினால் வாசல் விழும்,
வாசல் விழுந்தால் விலை விழும். எழுதும்.'
எழுதினேன்:

மேல்கல் ஒன்று. எழுத்து இரண்டு, இலக்கம் நாலு.
காலி ஒன்பது அங்குலம்.
காக்கைப்படி, பக்கத்துக்குப் பதினொன்று.
அனுபோக பாத்தியதை, காக்கைகள்.

தொகைக் கட்டத்தை வெறுமனே விட்டேன்.
ஏஜெண்டு அதில் சைபர் போட்டு
மையை ஒற்றி எடுத்தார்.