ஏழரை

பங்கோ கால்வாயில் நுழைந்தபோது மணி ஏழு.
விடியவில்லை; இருட்டு கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.
பாலில்லாத் தேநீர் நிறத்தில் தண்ணீர்,
இரு கரையிலும் சைப்ரஸ் மரங்களின் அடிக்கட்டைகள்.
மூன்று நாளாகத் தூறல்.
மெத்தை ஈரம், தீப்பெட்டி ஈரம்,
குப்பியில் உப்பு கல்லாகிவிட்டது.

சுக்கானில் ஹார்லன்.
அவன் தொப்பி விளிம்பில் திரண்ட மழை
மூக்கு நுனிக்கு இடம் மாறி
அங்கே கொஞ்ச நேரம் யோசிக்கிறது.
என் வேலை ஆழமானியைப் பார்த்து எண் சொல்வது.
"எட்டு" என்கிறேன்.
"எட்டு" என்கிறான்.
"ஏழரை."
"ஏழரை."
பியூஃபோர்ட் துறையை விட்டதிலிருந்து
நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவே.

அங்கே, டீசல் போட வந்த ஒருவனிடம்
"வீட்டை விற்கலாம் என்றது கொரீன்தான்" என்றான்.
சிரித்துக்கொண்டே வேறு சொன்னான்.
நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
சுருட்டிய கயிற்றை அவிழ்த்து
மறுபடி சுருட்டினேன்.

பத்தரை மணிக்கு ஒரு கருங்கரடி
கால்வாயை நீந்திக் கடந்தது.
எஞ்சினைத் தணித்தான்.
கரையேறி, உதறிக்கொண்டு,
எங்களைத் திரும்பியும் பார்க்காமல் புதருக்குள் போனது.
"ஒன்பது" என்றேன்.

அலிகேட்டர் ஆறு விரிந்ததும் காற்று வாங்கு வாங்கென்று வாங்கியது.
பாலத்தை அடைந்தபோது மூன்று மணி.
ரேடியோவில் பாலக்காரியின் கரகரத்த குரல்:
காற்று முப்பத்தைந்து, திறக்க முடியாது, காத்திருங்கள்.
நங்கூரம் போட்டோம்.
ஒரே டின்னில் இரண்டு கரண்டி,
ஆறிப்போன பீன்ஸ்.
அவன் கரண்டி என் கரண்டியில் இடித்தபோது
இருவருமே "மன்னிக்கவும்" என்றோம்,
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் போல.

ஆறு மணிக்கு ரேடியோ உயிர்த்தது.
"படகின் பெயர்?"
பெயரில்லை.
வாங்கிய அன்றே பழைய பெயரைச் சுரண்டினோம்.
இன்னமும் வெயில் சாய்வாக விழுந்தால்
'டார்லீன்' என்று தெரியும்,
யாரோ ஒருவனின் யாரோ.
புதிய பெயருக்குப் பதினோரு மாதமாய்ச் சண்டை.
ஹார்லன் வாயைத் திறந்து மூடினான்.
"கேப்டன், பெயர் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுத வேண்டும்."
கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி
கண்ணெதிரே இருந்ததைச் சொன்னேன்:
"ஏழரை."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"ஏழரை" என்று எழுதிக்கொண்டே சொன்னாள் பாலக்காரி.
"சரி, ஏழரை, வாருங்கள்."

ஆற்றின் நடுவே பாலம் மெல்லத் திரும்பியது.
மேலே வரிசையாய் நின்ற லாரிகளில் ஒருவன்
கண்ணாடியை இறக்கி
எங்களைப் பார்த்து எதையோ கத்தினான்,
திட்டாகத்தான் இருக்கும்.
ஹார்லனின் தோள் குலுங்கியது.
குளிரா சிரிப்பா,
முதுகை வைத்து எதைச் சொல்வது.

பாலத்துக்கு அப்பாலும் மழைதான்.
எஞ்சின் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கி
பிரன்ஸ்விக் வீட்டின் சாவி
சுக்கான் பலகையில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.
வாங்கியவர்களிடம் அதைக் கொடுக்க
இருவருமே மறந்திருந்தோம்.

"பத்து" என்றேன்.