மிதிவெடி

மார்க்கம் வீதிக் கிளினிக்.
கண்ணாடி அறைக்குள் இருத்தி
"சத்தம் கேட்டால் அமத்துங்கோ" என்றாள் ஆரபி,
இங்கேயே பிறந்த பிள்ளை.
கனநேரம் கேட்டது
என் வயிறு மட்டும்.
அதற்கும் ஒருக்கால் அமத்தினேன்.

வெடிச்சத்தத்துக்குக் கிட்ட நின்றனீங்களோ?
ஓம். தொண்ணூறில், கோட்டையடியில் ஒன்று.
பிறகு பதினெட்டு வருசமாய்
நாளுக்கு மூன்று:
வேர்ஹவுஸ் இரவுவேலைக்குப் போகிற வழியில்
டேக்அவுட்டில் வாங்கி
காருக்குள்ளேயே தின்று முடிக்கிற
மிதிவெடி,
முட்டை வைத்துப் பொரித்தது.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கணினியில் தட்டிக்கொண்டாள்.
"சாப்பாடுதான் காரணமெண்டு சொல்லேலாது அங்கிள்.
ஆனால் காதுக்குப் போறதும்
அதே இரத்தம்தானே."
திரையில் என் கேள்வி
இடமிருந்து நேராக நடந்து வந்து
வலப்பக்கம் படியில் தவறி விழுந்திருந்தது.

கீரை, மீன், பயறு என்று எழுதின துண்டோடு போய்
உறைந்த முருங்கையிலைப் பை ஒன்று வாங்கிவந்தேன்.
தாச்சியில் எண்ணெய். கடுகு போட்டேன்.
வெடிக்கக் காணோம்.
குனிந்து பார்த்தேன்.
கன்னத்தில் சுள்ளென்று ஒன்று.

எப்போதோ
வெடிக்கத் தொடங்கிவிட்டது.