பள்ளத்தை அளந்து வாருங்கள்

பிப்ரவரி. காலை ஒன்பதுக்கும் பாதி இருட்டு.
பால்ஸ்டாட் துறைமுகத்தில் என் கடைக் கதவைத்
தோளால் தள்ளிக்கொண்டு வந்தார் ஸ்டெய்னுல்ஃப்.
கையுறைக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தார்,
பிடித்த குருவியைப் போல.

மேசையில் உதறினார். கருப்பாய் ஒரு ரப்பர் வளையம்.
"இதே மாதிரி ஒன்று. சீக்கிரம்.
தெர்னாவின் வின்ச் எண்ணெய் கக்குகிறது.
ஊரே கோட் மீன் அள்ளுகிறது,
நான் மட்டும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்."

இதே மாதிரி.
பதினோரு வருடமாக
இந்த மேசைக்கு அப்பாலிருந்து
நான் அதிகம் கேட்ட சொல்.

வெர்னியரின் தாடைகளை
அதன் தடிமன் மேல் மெல்ல மூடினேன்.
ரப்பரை அளக்க
விரலில் கொஞ்சம் தயக்கம் வேண்டும்.
அழுத்தினால் பணிந்துவிடும்,
மிரண்ட சாட்சி போல
நாம் விரும்பிய எண்ணையே சொல்லும்.
தொட்டும் தொடாமலும் நிறுத்தினேன்.
ஆறு புள்ளி ஒன்று.
சற்றுத் தள்ளி, ஐந்து புள்ளி எட்டு.
எதிர்ப்பக்கம் தட்டையாய், ஐந்து புள்ளி இரண்டு.
ஒரே வளையத்துக்கு மூன்று வாக்குமூலம்.

"இது பிறந்த அளவு இல்லை," என்றேன்,
"குடித்து வீங்கிய அளவு.
செத்தவன் காலை வைத்துச் செருப்பு தைக்கச் சொல்கிறீர்கள்.
பள்ளத்தை அளந்து வாருங்கள்,
இது உட்கார்ந்திருந்த பள்ளத்தை."

"பள்ளம் படகில். வெளியே மைனஸ் ஒன்பது."

"அப்போது பிஸ்டனைக் கழற்றி வாருங்கள்."

அவர் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.
இந்தப் பக்கத்தில் அது பாதி வணக்கம்.

கதவு சாத்தியதும்
விளக்கடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன்.
எண்ணெய்க்கென்று பிறந்த ரப்பர்
இப்படிப் பருக்காது.
இது வேறு வகை,
வெந்நீருக்கும் ஆவிக்கும் அசையாதது,
எண்ணெயைக் கண்டால் அடங்காமல் குடிப்பது.
அதுவும் கருப்பு. இதுவும் கருப்பு.
பெட்டி மாறினால் கண்ணுக்குத் தெரியாது.

பில் கட்டைப் புரட்டினேன்.
ஆகஸ்ட் பத்தொன்பது. தெர்னா. வளையம் ஒன்று.
ஐந்து புள்ளி மூன்று மூன்று. நூல் பிசகவில்லை.
பெட்டி எண் மட்டும்
தண்ணீர்க் குழாய் அடுக்கினுடையது.
கையெழுத்து, ரான்வெய்க்.
நான்தான்.

மதியம் திரும்பினார்,
பிஸ்டனைத் துண்டில் சுற்றி,
குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி.
ஈரத்தைத் துடைத்து, குளிர் விடும் வரை காத்து
அளந்தேன்.
ஆழம் நாலு புள்ளி ஆறு ஐந்து.
அதற்கு மேல் வளையம் சற்றுத் தலைதூக்க வேண்டும்;
அந்த மிச்சம் நசுங்கித்தான் எண்ணெய் நிற்கும்.
அகலம் ஏழு புள்ளி ஒன்று.
நசுங்கியது ஒதுங்க இடம் இருக்கிறது.
அடிவட்டத்தைவிட ஒரு துளி சின்னதாய்,
இழுத்தால் ஏறுகிற அளவுக்கு,
ஏறியபின் மெலியாத அளவுக்கு
ஒன்றைத் தேடி எடுத்தேன்.
பெட்டி எண்ணை
இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன்.

பிறகு பில் கட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி படித்தார்.
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?"

"இதற்குக் காசு வேண்டாம்."

"அதைக் கேட்கவில்லை. எவ்வளவு பிசகு?"

"அளவில் ஒன்றுமில்லை," என்றேன்.
சொன்னபின் அது
சமாதானம் போலவும் கேட்டது, குற்றம் போலவும்.

அவர் நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.
"வாங்கிக்கொள்.
இலவசமாக வாங்கினால்
அடுத்த முறை உன்னைத் திட்ட முடியாது."

நாலு மணிக்குத் தெர்னா விளக்கேற்றிக் கிளம்பியது.
நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
தண்ணீர் வளையப் பெட்டிகளின் நெற்றியில்
வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.
எண்பத்து மூன்று பெட்டி.
நாற்பதாவதில் தூரிகை காய்ந்துவிட்டது.