பதினாலாம் கட்டில்

கார்த்திகை. வாவி ரோட்டில் ஏறிப் படுத்த கிழமை.
குழந்தைகள் வாட்டில் கட்டில் காணாது.
பதினாலில் இரண்டு பிள்ளைகளைப் போட்டார்கள்:
தலைமாட்டில் என் மகன் கவினயன், ஏழு மாதம்;
கால்மாட்டில் ஏறாவூர் ஸறூபாவின் அம்ஹர், பதினொரு மாதம்.
நடுவில் ஒரு துவாய், மடித்து, எல்லையாக.
விடிவதற்குள் அம்ஹர் அதை உதைத்துவிட்டான்.

மகனுக்கு நெஞ்சு இழுத்தது.
விலாக்களுக்கிடையில் தோல் உள்ளே போய்
ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பள்ளம்.
நிமிசத்துக்கு அறுபத்தெட்டு, என்றார் மிசி.
நான் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவள்,
எண்ணிக்கை எனக்குக் கைவந்தது.
அன்றிரவு அறுபத்தெட்டு வரை எண்ணப் போய்
நாற்பதில் அழுதேன்.

கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுமாம்,
துடுப்பைத் தண்ணியில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால்.
இங்கேயே பிறந்து முப்பத்தொரு வருசம்,
நான் கேட்டதே இல்லை.
டொக்டர் குழாயை அவன் முதுகில் வைத்துக்
கண்ணை மூடியபோது கேட்க வாயெடுத்தேன்:
என்ன பாடுது?
"முட்டுத்தான். வைரஸ். இதுக்கென்று மருந்தில்லை.
ஒட்சிசன், பால், பொறுமை."
பொறுமை எந்த பார்மசியில, என்று
ஸறூபா முணுமுணுத்தாள்.
வந்த பிறகு முதல் தரம் சிரித்தேன்.

மறுகா விசாரணை தொடங்கியது, எனக்குள்ளேயே.
பருத்திச்சேனை மச்சாள், வாசலில் தும்மியவள்.
சோறூட்டலன்று கன்னத்தில் கொஞ்சிய பதினேழு பேர்.
முன்பள்ளியிலிருந்து மூக்கொழுக வரும் மூத்தவள் மிதுர்ஷா.
என் கவுண்டரில் இருமிய பென்சன்கார வாத்தியார்,
முத்திரைக்கு அவர் நீட்டிய நூறு ரூபாய்,
அதை எண்ணி வாங்கிய விரல்.
எல்லாரையும் கூண்டில் ஏற்றிக்
கடைசியில் அந்த விரலோடு நானும் ஏறினேன்.

மூன்றாம் நாள்தான் மூக்கில் குச்சி விட்டார்கள்,
இரண்டு பிள்ளைகளுக்கும்.
ஐஸ்பெட்டியில் கொழும்புக்குப் போயின குச்சிகள்.
எந்தப் பொதியையும் கையில் தூக்கி நிறை சொல்வேன்,
அந்தப் பெட்டிக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

இரவில் ஸறூபாவின் பிளாஸ்க் தேத்தண்ணி, என் பிஸ்கட்.
இரண்டு முகமூடி, ஒரு புகைமெசின்,
முறை வைத்துப் பிடித்தோம்.
அம்ஹர் இருமினால் நான் என் மகனை
ஒள்ளுப்பம் அங்கால இழுப்பேன்.
என் மகன் இருமினால் அவள் இழுப்பாள்.
இருவரும் கண்டோம்.
இருவரும் காணவில்லை.

ஆறாம் நாள் வெள்ளாப்பில்
மார்பைத் தேடிப் பிடித்து, மூச்சுக்கு விடாமல்,
முழுசாகக் குடித்தான்.
மிசியை எழுப்பிச் சொன்னேன், ஏதோ தந்தி வந்தது போல.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் கோல் வந்தது.
இரண்டு வைரஸ், என்றது குரல்.
ஆர்.எஸ்.வி., அதோட ஒரு அடினோ.
ஒரே உறைக்குள் இரண்டு கடிதம்;
மேலே குத்திய தேதி நனைந்து அழிந்துபோய்.
"எது முதல் வந்தது?"
"அது சொல்ல ஏலாது அக்கா. இப்ப புள்ள எப்படி?"
புள்ள என் கந்தோர் அட்டையின் நாடாவைச் சப்பிக்கொண்டிருந்தான்.

ஸறூபாவுக்கு எடுத்தேன்.
"எங்களுக்கும் ரெண்டாம்," என்றாள்.
எந்த ரெண்டு என்று நான் கேட்கவில்லை.
அவளும்.
அங்க மழை விட்டிட்டா, என்றாள்.
இங்கே விட்டிருந்தது. அங்கே இல்லையாம்.

மூத்தவள் முன்பள்ளியால் வந்தாள்,
சப்பாத்தும் கழற்றாமல், தம்பியை நோக்கி,
மூக்கைப் புறங்கையால் இழுத்தபடி.
நில், என்றேன்.
நின்றாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.
"கால்ல மட்டும் கொஞ்சட்டா?"
நான் யோசித்து முடிப்பதற்குள்
அவன் காலை நீட்டிவிட்டான்.